இரவல் நிலா

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தெற்கே சில மாட்டு வண்டிகள் கிளம்பின. மரத்தால் செய்த பெரிய கேமரா, மெழுகேற்றிய காகிதக் கட்டுகள், வெள்ளி உப்புக் கரைசலுக்கான குப்பிகள் என்று விநோதமான சரக்கு. உடைமைக்காரர் கேப்டன் லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படை அதிகாரி. மதராஸ் அரசாங்கத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். வட இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு ராணுவ அதிகாரியைக் கோயிலையும் கோட்டையையும் படமெடுக்க அனுப்பிவைத்தது அரசு.

மலைநாட்டைத் தாண்டி இறங்கும் வழியில் டிரைப் கேமராவை நிறுத்திய இடங்களில் ஒன்று ராயக்கோட்டை. இன்று தக்காளிச் சந்தைக்குப் பேர்போன ஊர். ஓசூரிலிருந்து சேலம் போகும் ரயிலில் இருந்து பார்த்தால் கோட்டைக் குன்று தெரியும். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791ல், திப்புவின் படையிடமிருந்து மேஜர் கௌடி கைப்பற்றிய கோட்டை அது. மைசூர்ப் பீடபூமிக்கும் பாராமகால் சமவெளிக்கும் நடுவே இருந்த வாசல் என்பதால் கம்பெனிக்கு அதன்மேல் தனிப் பிரியம். கிருஷ்ணகிரி அப்போது மாவட்டம் கிடையாது. எல்லாமே சேலம் ஜில்லா. 1965ல் தருமபுரி பிரிந்து, 2004ல்தான் கிருஷ்ணகிரி தனியானது. அதனால் டிரைப் 1858ல் வெளியிட்ட தொகுப்பின் பெயரிலும் ‘ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும்’ என்றே இருக்கிறது. இந்த வட்டாரத்தின் மிகப் பழைய புகைப்படங்களில் அவை சேரும்.

அந்தக் காலத்துப் படங்களில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது: வானம்.

வெள்ளி உப்பு பூசிய அன்றைய காகிதத்துக்கு நீலம் மட்டுமே நன்றாகத் தெரியும். பச்சையும் சிவப்பும் ஏறக்குறைய இருட்டு. செம்மண்ணும் புளியமரமும் பதிய வேண்டுமானால் நிமிடக் கணக்கில் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நீல வானம் அளவுக்கு மீறி ஒளியைக் குடித்து, நெகட்டிவில் கரிக்கட்டையாகிவிடும். பிரதி எடுத்தால் ஏறக்குறைய வெள்ளைத்தாள். மேகம் இருந்த நாளிலும் மேகம் இராது. பறவையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அத்தனை நீண்ட நேரத்தில் பறந்து போகும் எதுவும் தடமே இல்லாமல் மறைந்துவிடும். ஒரு காகம் ராயக்கோட்டை மதிலில் உட்கார்ந்து எழுந்து போயிருந்தால்கூட அதற்குச் சாட்சி கிடையாது.

டிரைப் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கத்தில் நிறம் பூசுவார். நெகட்டிவில் பூசிய இடம் பிரதியில் வெளுக்கும். தூரிகையின் அழுத்தத்துக்கு ஏற்றபடி மேகங்கள் பிறக்கும். மரங்களின் இலைக்கொத்துக்கும் இதே சிகிச்சை உண்டு. 1855ல் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு பர்மாவில் எடுத்த படங்களிலும், பிறகு மதராஸ் ராஜதானியில் எடுத்தவற்றிலும் இந்தக் கைவேலை இருப்பதை இன்றைய அருங்காட்சியகத்தார் நெகட்டிவ்களை விளக்கில் பிடித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்க ஆவணம் என்று அச்சேறிய படங்கள் அவை. மேகம் கையால் வந்தது என்று படத்தின் கீழே அவர் எழுதி வைக்கவில்லை, கேட்டவர்களும் இல்லை.

ஆவணக்காரர் இப்படிச் செய்யலாமா என்று இன்று கேட்பது எளிது. ஆனால் உண்மையிலேயே அங்கே மேகம் இருந்திருக்கும். கேமராதான் அதைப் பார்க்கவில்லை. வெற்று வானமும் ஒரு பொய்தான். இரண்டு பொய்களில் கண்ணுக்குப் பழகியதை டிரைப் எடுத்துக்கொண்டார் என்று சொல்வதே நியாயம்.

அதே பயணத்தில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாது. கேமராவை நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்து, பிரதிகளை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளப் பட்டையாக்கினார். கேமராவுக்கு எட்டாததைத் துண்டு துண்டாகப் பிடித்துச் சேர்ப்பது தமிழ்நாட்டில் அப்போதே நடந்துவிட்டது. 1859ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கருதி வேலையை நிறுத்தச் சொன்னார். டிரைப் படைக்கே திரும்பினார். பெரிய அளவில் மறுபடி படம் எடுக்கவில்லை.

டிரைப் கையாண்ட மெழுகுக் காகித முறையை 1851ல் வெளியிட்டவர் பாரிஸ்காரர் குஸ்தாவ் லெ கிரே. வானச் சிக்கலுக்கு லெ கிரே கண்ட தீர்வு தூரிகை இல்லை, கத்திரி. கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொரு நெகட்டிவ். இரண்டையும் அடிவானக் கோட்டில் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். 1857ல் செத் துறைமுகத்தில் எடுத்த ‘பெரிய அலை’ அப்படி வந்தது. நிலாவைத் தேடும் வாசகருக்கு அதைவிடச் சுவையானது அவருடைய 1856ஆம் ஆண்டுப் பாய்மரக் கப்பல் படம். மேகத்துக்குப் பின்னாலிருந்து ஒளி கடலில் விழ, கப்பல் கறுத்து நிற்கும். லண்டன் கண்காட்சியில் பார்த்தவர்கள் நிலவொளி என்று சொல்லி மெச்சினார்கள். நிலவொளியில் அலையைப் பிடிக்கும் காகிதம் உலகில் எங்கும் இல்லாத காலம். எடுத்தது பட்டப்பகலில், ஒளிர்ந்தது சூரியன், பிரதியைக் கறுப்பாக அடித்ததும் இரவாகிவிட்டது.

இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857ல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்ற ஒரே படத்தைச் செய்தார். விக்டோரியா மகாராணி ஒரு பிரதி வாங்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களில் ஒரு மரணப் படுக்கையைச் செய்து காட்டினார். படக்கலவை கணினி கொண்டுவந்த நோய் என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டிரைப்பின் வண்டி ராயக்கோட்டை ஏறியபோது அந்தக் கலை உச்சத்தில் இருந்தது.

நிலாவைத் தனியாகப் படமெடுப்பது அதற்கு முன்பே தொடங்கியாயிற்று. ஹார்வர்டு வானாய்வகத்தின் தொலைநோக்கி வழியே ஜான் ஆடம்ஸ் விப்பிள் எடுத்த நிலாப்படம் 1851ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் பரிசு பெற்றது. ஆனாலும் 1874ல் ஜேம்ஸ் நாஸ்மித்தும் ஜேம்ஸ் கார்பென்டரும் நிலாவைப் பற்றிப் புத்தகம் போட்டபோது, பள்ளங்களை நேராக எடுத்தால் தெளிவு போதவில்லை என்று சாந்தில் மாதிரி நிலா செய்து, சாய்வெயிலில் வைத்துப் படமெடுத்து அச்சிட்டார்கள். அறிவியல் நூலிலேயே இரவல் நிலா.

பறவை இந்தக் கதைக்குள் வர நாள் பிடித்தது. விரைவான தட்டுகள் வந்தபின், 1890களில்தான் இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் கூடுகளையும் பறவைகளையும் இருந்த இடத்திலேயே படமாக்கினார்கள். இருட்டில், ஜார்ஜ் ஷைராஸ் அமெரிக்காவில் ஏரியில் படகோட்டிக்கொண்டே வெடிப்பொடி வெளிச்சத்தில் விலங்குகளை எடுத்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் அவற்றை வெளியிட்டது. நிலாவும் பறவையும் ஒரே வட்டத்துக்குள் வந்ததோ, கேமரா இல்லாமல். 1880 அக்டோபரில் பிரின்ஸ்டனில் தொலைநோக்கியால் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்த டபிள்யூ. இ. டி. ஸ்காட், அதன் முகத்தைக் கடந்து பறவைகள் போவதைக் கவனித்தார். இரவில் வலசை போகும் பறவைகளை எண்ண அதுவே வழியாயிற்று. 1952 அக்டோபரில் ஜார்ஜ் லோவரியும் ராபர்ட் நியூமனும் அமெரிக்கா முழுக்க 200க்கும் மேற்பட்ட இடங்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோரை உட்காரவைத்து நிலாவைக் கடந்த பறவைகளை எண்ணவைத்தார்கள். அவர்கள் கண்டதெல்லாம் நொடிக்குள் கடந்துபோகும் கரும்புள்ளிகள். சிறகு விரித்த பெரிய பறவை வட்ட நிலாவின் நடுவே நிற்கும் காட்சி, சுவரில் மாட்டும் படங்களில்தான் அடிக்கடி வரும்.

அந்தக் காட்சி கேமராவில் ஏன் அவ்வளவு அரிது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முழுநிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை; அதை எடுக்கப் பகல் வெளிச்சத்துக்கான அளவே போதும். ஐஎஸ்ஓ 100, எஃப்/11 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 வினாடி. அதே நிலா ஒளி விழும் தரையோ அதைவிடச் சில லட்சம் மடங்கு மங்கல். ஒன்றுக்கு அளவு வைத்தால் மற்றது இருண்டுபோகும், அல்லது வெளிறிப்போகும். டிரைப்பின் வானமும் மண்ணும் போட்ட அதே சண்டை, இடம் மட்டும் மாறிவிட்டது.

அடுத்தது தூரம். நிலா வானத்தில் அரை டிகிரி அகலம்தான். ஒரு பொருள் தன் அகலத்தைப் போல 110 மடங்கு தள்ளியிருந்தால் நிலா அளவுக்குத் தெரியும். ஒரு மீட்டர் சிறகுவிரிப்புள்ள பறவை 110 மீட்டரில் பறந்தால் நிலாவைச் சரியாக மூடும். இந்த 110 கேமராவுக்குள்ளும் வேலை செய்கிறது: 35 மி.மீ. லென்ஸில் நிலா 0.3 மி.மீ. பொட்டு, 500 மி.மீ. லென்ஸில் நாலரை மி.மீ. அந்த 500 மி.மீ. லென்ஸை எஃப்/11க்கு மூடி, நிலா தெளிவாக இருக்கும்படி எவ்வளவு அருகே குவியம் வைக்கலாம் என்று கணக்கிட்டால் விடை சுமார் 750 மீட்டர். 110 மீட்டரில் போகும் பறவை மங்கித்தான் தெரியும். பறவையும் கூர்மை, நிலாவின் பள்ளங்களும் கூர்மை, இரண்டும் பெரிது என்று ஒரு படம் கண்ணில் பட்டால், அது இரண்டு படங்களாக இருக்கவே அதிக வாய்ப்பு.

அந்த வெளிச்சச் சண்டைக்கு வானமே கொடுத்த ஒரு சலுகை, பௌர்ணமிக்கு முந்தைய மாலை. அன்று சூரியன் மறைவதற்கு முன்பே நிலா எழுந்துவிடும். தரைக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும். 1941 நவம்பரில் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் நிலா எழுவதை ஒரே நெகட்டிவில் பிடித்தது இப்படிப்பட்ட அந்தி நேரத்தில்தான். ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாச அளவு மனப்பாடமாக இருந்ததால் அதைவைத்துக் கணக்குப் போட்டார். கலப்படமில்லாத அந்த நெகட்டிவையும் அவர் சும்மா விடவில்லை. பின்னர் ரசாயனத்தால் அதன் முன்தரையை வலுவேற்றினார். ஆண்டுகள் போகப்போகப் பிரதிகளில் வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார்.

தமிழ்நாட்டில் இந்தக் கைவேலைக்குப் பெரிய சந்தை சினிமாவிலும் கல்யாண ஸ்டுடியோவிலும் உருவானது. அதுவும் டிரைப் படம் எடுத்த அதே சேலம் ஜில்லாவில். 1935ல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1940ல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியது. தமிழில் அதுவே முதல் இரட்டை வேடம். லென்ஸில் பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து எடுக்கும் மாஸ்க் வேலையே இரட்டை வேடங்களுக்குக் கைகொடுத்த உத்தி. 1957ல் விஜயா நிறுவனத்தின் ‘மாயா பஜார்’ வந்தது. அதன் படகுப் பாட்டில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி உண்டாக்கிய நிலவொளியைப் பற்றி ஒளிப்பதிவாளர்கள் இன்றும் பேசுகிறார்கள். பார்ட்லியின் நிலா கைவேலை. ரசிகருக்கு அது நிலாவைவிட நிலாவாக இருந்தது.

ஸ்டுடியோக்களில் நிலா முதலில் திரைச்சீலையில் வரைந்ததாக வந்தது. பிறகு இருட்டறைக்குள் நுழைந்தது. என்லார்ஜரின் கீழே கறுப்பு அட்டையில் வட்டம் வெட்டி, வட்டத்துக்குள் மணமக்கள் முகத்தை விழவைத்தால் ‘ட்ரிக் போட்டோ’ தயார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967ல் உற்பத்தியைத் தொடங்க, ‘இந்து’ பிலிம் சிற்றூர் ஸ்டுடியோ வரை போனது. கல்யாண வீடியோ வந்தபின் இந்த வேலைக்கு ‘மிக்ஸிங்’ என்று பெயர். கணினி வந்தபின் கரிஷ்மா ஆல்பம். 1994ல் ஃபோட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பு லேயர் வசதியைக் கொண்டுவந்ததும், அட்டை வெட்டிய கைகளுக்கு மௌஸ் கிடைத்தது. டச்சிங் பென்சில் பிடித்துப் பழகியவர்களில் பலருக்கு அந்த மாற்றம் ஒத்துவரவில்லை என்பது தனிக் கதை.

எல்லைக்கு அப்பால், ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் எட்டும் பெங்களூரில், இதற்கு நேர்மாறாக, எதையும் சேர்க்காமல் படமெடுக்கும் ஒரு பழக்கம் வேர்விட்டது. 1950களின் தொடக்கத்தில் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு உருவாக முன்னின்றவர் அந்நகரின் டாக்டர் ஜி. தாமஸ். 1971ல் அங்கே யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டி பிறந்தது. ஓ. சி. எட்வர்ட்ஸ் வழிகாட்ட, காட்டுயிர்ப் படங்களில் பெயர் பெற்றவர் டி. என். ஏ. பெருமாள் (1932–2017). சென்னையில் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு-வெள்ளையிலேயே நின்றார். பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தனக்கென ஒரு கேமரா கட்டிக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்தவர் அவர். கலவை கேமராவில் இருக்கலாம், காட்டில் கூடாது என்று அதைச் செல்லமாக வாசிக்கலாம். இவர்களுக்குப் படம் என்பது உயிரினத்தைப் பற்றிய சாட்சியம்.

கேமரா கிளப்புகளிலும் நிலாவை இரவல் வாங்கியவர்கள் உண்டு. ஒரு பிலிம் ரோல் முழுவதும் மூலையில் நிலாவை மட்டும் டெலி லென்ஸில் எடுத்து, தொடங்கிய இடத்தைப் பிலிமில் குறித்துவைத்து, பின்னால் சுற்றி, மறுபடி மாட்டி, அதே கட்டங்களின்மேல் மரத்தையும் பறவையையும் எடுப்பது ஒரு முறை. இரண்டு ஸ்லைடுகளை ஒரே சட்டத்தில் ஒட்டினால் ‘சாண்ட்விச்’. அழகியல் பிரிவில் இவற்றுக்குப் பரிசும் விழும். இயற்கைப் பிரிவில் வாசலோடு சரி. 2014ல் சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ, பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் சேர்ந்து இயற்கைப் படத்துக்கு ஒரே வரையறை வகுத்தன: படத்தில் எதையும் சேர்க்கவோ, இடம் மாற்றவோ, நீக்கவோ கூடாது, ஓரம் வெட்டலாம். வேடிக்கை என்னவென்றால், அந்த வரையறையில் ஒரே காட்சியை வெவ்வேறு குவியத்தில் எடுத்து அடுக்குவதற்கு அனுமதி இருந்தது; அடுத்தடுத்த படங்களைப் பக்கவாட்டில் ஒட்டுவதற்கு இல்லை. டிரைப்பின் தஞ்சைப் பட்டை அந்த விதியிடம் தோற்றிருக்கும்.

இந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. சுவருக்கான படத்தில் யாருடைய நிலாவையும் வைத்துக்கொள்ளலாம். ‘இன்ன பறவை, இன்ன ஏரி, இன்ன நாள்’ என்று கீழே எழுதும்போது, மேலே இருப்பது அந்த ஏரியின் நிலாவாக இருக்க வேண்டும். 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக எகிப்தின் பிரமிடுகளை நகர்த்தி நெருக்கிவைத்த நேஷனல் ஜியாக்ரஃபிக், பல ஆண்டுகள் அதற்காகப் பேச்சு வாங்கியது. அட்டையின் அழகைப் பற்றி யாருக்கும் புகார் இருக்கவில்லை.

கிருஷ்ணகிரியில் இன்று மாலைப் படத்துக்குப் போகிறவர்கள் தேடும் இடங்கள் கெலவரப்பள்ளி அணையும் கே.ஆர்.பி. அணையும் ஓசூரின் ராமநாயக்கன் ஏரியும். அந்தியில் இரை தேடக் கிளம்பும் வக்கா, கூட்டுக்குத் திரும்பும் நத்தைகுத்தி நாரை, பாறைக் குன்றுகளை விரும்பும் கொம்பன் ஆந்தை எல்லாம் குறைந்த வெளிச்சத்தின் பிரஜைகள். ஆனால் 1970களுக்குப் பிறகு சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த ஓசூரில் முழு இருட்டு அபூர்வம். வடமேற்கே பெங்களூரின் வெளிச்சம் இரவு முழுக்க அடிவானத்தில் தேங்கி நிற்கிறது. பழைய கலவைக்காரரின் உத்திக்குக் கறுப்பு வானம் வேண்டும். இங்கே பின்னணியே ஆரஞ்சு. ஒட்டிய நிலாவைச் சுற்றி ஒரு விளிம்பு தங்கிப்போவதற்கு இதுவும் காரணம்.

விளிம்பை அழித்துவிடலாம், நிலாவின் முகத்தை மாற்றுவதுதான் கடினம். இந்த வட்டாரம் 12, 13 டிகிரி வடக்கில் இருப்பதால், கிழக்கே எழும் முழுநிலா ஏறக்குறைய பக்கவாட்டில் படுத்தபடி எழும்; ஐரோப்பியப் படங்களில் கீழ்ப்பக்கமாகத் தெரியும் டைக்கோ பள்ளம் இங்கே வலப்பக்கம் இருக்கும். அந்திப் பிறையும் இங்கே படகுபோலக் கிடக்கும், லண்டனில் தெரிவதுபோல நிமிர்ந்து நிற்காது. இணையத்திலிருந்து இறக்கிய ஐரோப்பிய நிலாவைக் கெலவரப்பள்ளி நாரைக்குப் பின்னால் வைத்தால், வானம் பார்த்துப் பழகிய நடுவர் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார். பிறகு கேமரா பதிந்த மூலக் கோப்பை (ரா ஃபைல்) கேட்பார். கல்யாண ஆல்பம் அடிக்கும் கலர் லேப்பில் டைக்கோ எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே மணமகன் வீட்டார் கேட்பதெல்லாம், நிலாவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்பதுதான்.